பாலிப்புக்கு ஒரு அவுட் பாஸ்

அப்பாவுவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்திரண்டு வருடங்களைத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்தே கழித்துவிட்டார். உள்ளே வரும் லாரிக்கு ஒரு சீட்டு, வெளியே போகும் லாரிக்கு ஒரு சீட்டு. சீட்டில்லாமல் ஓர் ஆணிகூடத் தன் கேட்டைத் தாண்டியதில்லை என்பது அவருடைய பெருமை. ஒரு மழைநாளில் மேனேஜரின் குடையையே வெளியே விட மறுத்தார். காலையில் குடை உள்ளே வந்ததாக ரிஜிஸ்டரில் பதிவு இல்லையாம். மேனேஜர் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார், மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். மறுபடி வந்தபோது குடையைப் பற்றி இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

இவ்வளவு கறாரான மனிதர், தன் உடம்பிலிருந்து எட்டு மாதமாக ரத்தம் வெளியே போய்க்கொண்டிருந்ததை யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூலம் என்று தானே முடிவு செய்தார். தானே கருணைக்கிழங்கு வாங்கி வந்தார். வாரத்துக்கு நான்கு நாள் கருணைக்கிழங்கு மசியல் கேட்கும் புருஷனை எந்த மனைவிதான் சந்தேகப்படாமல் இருப்பாள்? செங்கொடி ஒருநாள் கக்கூஸ் கதவுக்கு வெளியே காத்திருந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எத்தினி நாளாய்யா இது?"

"நாலு நாளா" என்றார் அப்பாவு.

செங்கொடியின் அப்பா பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் யூனியன்காரர். பிறந்த பெண்ணுக்குக் கொடியின் பெயரை வைத்தார். பெண்ணும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் தண்ணி லாரி ஒருநாள் தவறினால், மறுநாள் காலிக் குடங்களோடு ரோட்டை மறிப்பவர்களில் முதல் ஆள் அவள்தான். அவளிடம் மாட்டிக்கொண்ட பிறகு அப்பாவுவுக்கு வேறு வழி ஏது? அந்த வெள்ளிக்கிழமையே ராயபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில், குழாய்விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் படுக்க வைத்துவிட்டாள்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு காளானை வரைந்து காட்டினார்.

"குடல் சுவர்ல இப்படி ஒண்ணு மொளச்சிருந்தது. பாலிப்னு சொல்லுவோம். எல்லா பாலிப்பும் புத்துநோய்க் கட்டியா மாறாது. சில வகை மட்டும், ரொம்ப மெதுவா, வருஷக்கணக்குல மாறலாம். எது எந்த வகைன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அதனாலதான் எடுத்துட்டோம். மீதியை லேப்ல சொல்லுவாங்க."

"எத்தினி நாள்ல மாறும் டாக்டர்?" என்று கேட்டாள் செங்கொடி.

"நாள் கணக்கு இல்லம்மா. பத்து வருஷம்கூட ஆகலாம்."

"ரத்தம் பட ஆரமிச்சப்பால எத்தினி நாள் வுடலாம்?"

"ஒரு நாள்கூட விடக்கூடாது. ரத்தம்னா உடனே வந்து காட்டணும்."

செங்கொடி வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் தானாக மூடியதை முப்பது வருடத்தில் அப்பாவு பார்த்ததில்லை. ஆனால் அதைக் கவனிக்கும் நிலைமையில் அவர் இல்லை. டாக்டர் சொன்ன அத்தனையிலும் அவர் காதில் ஏறியது 'மாறலாம்' என்ற ஒரே சொல்தான். அது மண்டைக்குள் ரங்கராட்டினமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாலிப் எந்த வகை என்று பார்க்கும் வசதி அங்கே கிடையாது என்பதால், அதை மருந்து ஊற்றிய ஒரு சின்ன பாட்டிலில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை எம்.சி. ரோட்டில் இருக்கும் லேபில் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை என்பதால் இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலையில் அப்பாவு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பும் சாம்பலுமாய், விரல் நகம் அளவுக்குச் சுருண்டு, அது பாட்டுக்கு அடியில் கிடந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டதோ என்று தோன்றியது. யார்டில் வேலை பார்க்கிறவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எந்தச் சரக்கும் கிடக்கக் கிடக்கக் கெடுதல்தான். குடலில் கிடந்து மாறுவது பாட்டிலில் கிடந்து மாறாதா? சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் முற்றிவிடும். கொண்டுபோய்க் கொடுத்தாலோ என்னவென்று தெரிந்துவிடும். இந்த இரண்டில் எது பெரிய பயம் என்று அவரால் முடிவு கட்ட முடியவில்லை.

"லீவு போட்டுகீற இல்ல? குட்த்துட்டு நேரா வூட்டுக்கு வா. ஒரு மணி நேரத்துல வரணும்" என்றாள் செங்கொடி.

"வந்துர்ரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிய அப்பாவு, எம்.சி. ரோடு ஸ்டாப்பில் இறங்கவில்லை. ஸ்டாப் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஆட்கள் ஏறினார்கள். அவர் மட்டும் முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் திருவொற்றியூரில் கொண்டுபோய் விட்டது. கால்கள் தாமாக யார்டுக்குப் போயின. சாப்பாட்டுப் பையில் தயிர்சாத டப்பாவுக்கும் பேப்பருக்கும் நடுவில் பாலிப் உள்ளே போயிற்று. உள்ளே வரும் பையைச் சோதித்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டியவர் அவர்தான். தன் பையைத் தானே சோதித்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து நாலு லாரிக்குச் சீட்டுக் கிழித்ததும் உடம்பு சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. பாட்டில் திறக்கப்படாதவரை தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டம் பன்னிரண்டேகால் மணிவரை அமலில் இருந்தது. பிறகு டேபிள் போன் அடித்தது.

"யோவ், நீ அங்க இன்னாய்யா பண்ற?" செங்கொடி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"அர்ஜென்டா கூப்ட்டாங்கோ. அதான் வந்தேன்."

"பாட்டிலு குட்த்துட்டியா?"

"குட்த்துட்டேன்."

"ரசீது நம்பர் சொல்லு."

யூனியன்காரர் மகளிடம் ரசீது இல்லாமல் எதுவும் நடந்ததாக ஆகாது. அப்பாவு பதறிப்போய், எதிரே திறந்து கிடந்த ரிஜிஸ்டரில் கண்ணில் பட்டதை வாசித்தார். "டி.என். நாலு, எஃப்..."



"லேப் ரசீதுல இன்னாத்துக்குய்யா லாரி நம்பரு?" என்று கேட்டாள் செங்கொடி. "அங்கியே இரு. நா வந்துகினே இருக்கேன்."

புளியந்தோப்பிலிருந்து அவள் வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் லேபுக்கு ஓடிப்போய் ரசீதோடு நின்றுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். பையை எடுத்துக்கொண்டு அப்பாவு கேட்டைத் தாண்ட ஓடினார்.

"அண்ணாச்சி, பையைத் தொறங்க" என்றார் செக்யூரிட்டி சங்கரநாராயணன்.

பட்டாளத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்த திருநெல்வேலிக்காரர் அவர். உத்தரவு என்றால் அட்சரம் பிசகாது. போன வாரம் யார்டில் காப்பர் கேபிள் திருட்டுப் போனதால், இந்த வாரத் திங்கட்கிழமை முதல் வெளியே போகும் எல்லாப் பைகளையும் திறந்து பார்க்க வேண்டும், உள்ளே வந்ததற்குப் பதிவு இல்லாத எந்தப் பொருளையும் வெளியே விடக்கூடாது, எவராயினும் விதிவிலக்கு இல்லை என்று சர்க்குலர் வந்திருந்தது. அதை எழுதியதே அப்பாவுதான். 'எவராயினும்' எதற்கு என்று மேனேஜர் கேட்டபோது, அது இருந்தால்தான் பயம் இருக்கும் என்று பிடிவாதமாகப் போட வைத்தவரும் அவரே.

"அவசரம்யா. வுடு, போய்க்கினு வந்துர்ரேன்."

"எழுதி வச்சது நீங்கதாம்லா?"

பை திறக்கப்பட்டது. டப்பா வந்தது, பேப்பர் வந்தது, கடைசியில் பாட்டில் வந்தது.

"இது என்னது?"

"ஊறுகா."

"என்ன ஊறுகா?"

"மாவடு" என்றார் அப்பாவு. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

சங்கரநாராயணன் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனார். மறுநொடி ஒரு தும்மல். இன்னொன்று. கண்ணில் நீர் கொட்ட, மூன்றடி பின்னால் போய் நின்று, பட்டாளத்தில்கூட இப்படி ஓர் ஊறுகாயைப் பார்த்ததில்லை என்றார். அவசரமாக மூடியைத் திருகிவிட்டு, கையை நீட்டிப் பாட்டிலைத் தூரத்தில் வைத்து மறுபடி பார்த்தார். ஒட்டியிருந்த சீட்டில் டாக்டரின் கிறுக்கலில், அப்பாவுவின் வயதைக் குறித்த ஐம்பத்தொன்று என்ற எண் மட்டும்தான் படிக்க முடிந்தது. உள்ளே இளஞ்சிவப்பாய்ச் சுருண்டு ஒன்று கிடந்தது.

"உரிச்ச எறாலுல்லா இது!"

யார்டில் அன்று ஏற்றுமதிக்கு நின்ற குளிர்பெட்டிக் கன்டெய்னர் ஒன்றில் சரக்கு முழுக்க உரித்த இறால். அதன் சீல் நம்பர் பேப்பரோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு நாளாக ஒரே ரகளை. யாரோ திறந்து கைவைத்திருக்கிறார்கள் என்று கஸ்டம்ஸுக்குச் சந்தேகம். சங்கரநாராயணன் விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர் தாஹிரா தன் அறையிலிருந்து வந்தார். யார்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கேள்வியை ஒவ்வொன்றாகக் கேட்பார், பதிலை முழுவதும் கேட்பார். ஏமாற்றுவது கஷ்டம் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள்.

"இது வெளியிலேருந்து வந்ததா, உள்ளேயே எடுத்ததா?"

"வெளியேருந்து நாந்தான் எட்த்தாந்தேன் மேடம்."

"ரிஜிஸ்டர்ல என்ட்ரி எங்கே?"

என்ட்ரி இல்லை.

"என்ட்ரி இல்லேன்னா வெளியிலேருந்து வரல. அப்போ உள்ளேதான் எடுத்திருக்கணும். சரிதானே?"

இருபத்திரண்டு வருடமாக டிரைவர்களிடம் அப்பாவு கேட்டுவந்த அதே கேள்வி. அதற்கு இதுவரை ஒருவனும் பதில் சொன்னதில்லை.  பின்னால் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஹாரன் அடித்தன. சும்மா இருப்பார்களா? டிரைவர்கள் இறங்கி வந்து வட்டம் கட்டி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேரை ஏதாவது ஒரு சீட்டுக்காக அரை நாள் அலையவிட்டவர் அப்பாவு. இந்தக் காட்சியை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை.

"இதை சீல் வைக்கிறேன். திங்கட்கிழமை எங்க லேபுக்குப் போகும். இறாலா இல்லையான்னு அவங்க சொல்லட்டும்" என்றார் தாஹிரா. அரக்கும் மெழுகுவர்த்தியும் வந்துவிட்டன. மெழுகுவர்த்தியைப் பற்றவும் வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று அப்பாவு கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் உயிர்த் தகவலை வைத்துக்கொண்டிருக்கும் சதைத்துண்டை எவனோ ஒருவன் கிள்ளிப் பார்த்து, 'இது இறால் அல்ல' என்று மட்டும் எழுதிக் குப்பையில் போட்டுவிடுவான். அதற்கப்புறம் அது என்னவென்று உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துவிடக்கூடாது என்று காலையிலிருந்து ஓடியவரால், தெரியாமலே போய்விடும் என்பதைத் தாங்க முடியவில்லை.

"மேடம், அது என்னுது!"

"உங்க இறாலா?"

"எறாலே இல்ல மேடம்! என் கொடலு! கொடல்ல மொளச்சிது. நேத்து அறுத்து எட்த்தாங்கோ. கேன்சரா இல்லியான்னு பாக்கணும். ரெண்டு மணிக்கு லேப்பு மூடிடுவான்." கத்தினாரா அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. "எட்டு மாசமா ரத்தம் போய்க்கினு இருந்துச்சு மேடம். பொண்டாட்டிகிட்டகூட நாலு நாளுன்னு பொய் சொல்ட்டேன். பயமா கீது மேடம். செத்துருவனோன்னு பயமா கீது."

ஹாரன் சத்தம் நின்றுவிட்டது. தாஹிரா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். பாட்டிலை மூக்கருகே கொண்டுபோன சங்கரநாராயணன் தன் மூக்கைத் துடைத்தார், பிறகு கையையும் துடைத்தார்.

"எட்டு மாசமாய்யா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வழியில் எவனோ ஒரு ஷேர் ஆட்டோக்காரனை நிற்கவிடாமல் விரட்டிக்கொண்டு, அவர் கணக்குப் போட்ட நேரத்துக்கு முன்பே செங்கொடி வந்து நின்றிருந்தாள். அவள் கத்துவாள் என்று அப்பாவு தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் கத்தவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை. பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்று.

"கெளம்புங்க சார், நேரமாச்சு" என்றார் தாஹிரா.

"அவுட் பாஸ் போடணும் மேடம்" என்றார் சங்கரநாராயணன். அவர் கேட்டை விட்டு நகரவில்லை. "எவராயினும்னு போட்டிருக்கு."

டிரைவர்கள் அவரை அடிக்கப் போனார்கள். அப்பாவுதான் தடுத்தார். "அவரு சொல்றதுதாம்பா கரெக்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பாஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். தாஹிரா அதை வாங்கித் தானே எழுதினார். சரக்கின் பெயர்: பாலிப். எண்ணிக்கை: ஒன்று. உரிமையாளர்: அப்பாவு. எந்த நாட்டுச் சரக்கு என்ற இடத்தில் அவர் தயங்கியபோது, "நம்மூர் சரக்குதான் மேடம், இந்தியான்னு போடுங்க" என்றார் முன்லாரி டிரைவர் ராசையா. கடைசிக் கட்டம், பொருள் திரும்ப வருமா வராதா என்று கேட்டது. எல்லோரும் அப்பாவுவைப் பார்த்தார்கள். அவர் செங்கொடியைப் பார்த்தார்.

"வராதுன்னு போடும்மா" என்றாள் செங்கொடி. எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டு, பாட்டிலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

லாரிகள் எல்லாம் பின்வாங்கி ஷேர் ஆட்டோவுக்கு வழிவிட்டன. எம்.சி. ரோட்டு லேபில் அவர்கள் நுழைந்தபோது மணி ஒன்று ஐம்பது. பாட்டிலுக்குள் அது வளர்ந்திருக்குமா என்று அப்பாவு கவுன்டரில் கேட்டார். உடம்பைவிட்டு வந்தது மருந்தில் கிடந்தால் வளரவும் வளராது, மாறவும் மாறாது, திங்கட்கிழமை வந்திருந்தால்கூட வாங்கியிருப்போம் என்று சொல்லிவிட்டு ரசீது கிழித்தார்கள். காலையிலிருந்து பட்ட பாட்டை நினைத்து அப்பாவுவுக்குச் சிரிப்பு வந்தது. செங்கொடி சிரிக்காததால் அடக்கிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகப் பேசவில்லை. எட்டு மாதத்தை மறைத்ததற்கான கோபம் என்று எண்ணி, அப்பாவு பாத்திரம் கழுவினார், தண்ணி லாரிக்கு வரிசையில் நின்றார், போட்டதைச் சாப்பிட்டார். எதுவும் எடுபடவில்லை. அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள். தான் செத்துப்போவதை நினைத்துத்தான் கலங்குகிறாள் என்று அப்பாவுவுக்குப் பாவமாகவும், உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் அப்பாவுவுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"கட்டியா மாறக்கூடிய வகைதான். ஆனா இன்னும் மாறல. முழுசா எடுத்தாச்சு. அப்படியே விட்டிருந்தா சில வருஷத்துல மாறியிருக்கலாம். மூணு வருஷத்துக்கு ஒருதடவை வந்து பாருங்க. இப்போதைக்கு பயமில்ல."

அப்பாவு எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. டாக்டர்தான் மெதுவாக உருவிக்கொண்டார்.

"பாலிப்பு ஆம்பளைங்களுக்குத்தான் வருமா டாக்டர்?" என்று கேட்டாள் செங்கொடி.

"யாருக்கு வேணா வரும்மா. குடல்ல மட்டுமில்ல, மூக்குல வரும், கர்ப்பப்பைல வரும். கர்ப்பப்பைல வர்றது பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா மாதவிடாய் நின்னதுக்கப்புறம் ரத்தம் பட்டா, அதை விடக்கூடாது. பார்த்துடணும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள் செங்கொடி. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மாடிப்படியில் இறங்கும்போது அப்பாவு வாய் ஓயவில்லை. யார்டுக்கு ஒரு கிலோ ஜிலேபி வாங்க வேண்டும், சங்கரநாராயணனுக்குத் தனியாகக் கால் கிலோ, அந்த மேடத்துக்கு ஏதாவது நல்லதாக, ராசையாவை இனிமேல் அலையவிடக்கூடாது. பாதிப் படியில்தான், தான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். செங்கொடி நான்கு படி மேலே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாம்மே?"

"ஒண்ணுமில்ல. நீ நட."

அப்பாவு நடக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்தான். அது தன்னைப் பற்றிய முகமே இல்லை என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. 

"எத்தினி நாளா?"

எதைக் கேட்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கீழே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பதினாலு மாசம்."

எட்டு மாதத்துக்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள். பதினான்குக்கு என்ன கணக்கு என்று கேட்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.  நான்கு படி ஏறிப் போய் அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கு பயமா கீதுய்யா" என்றாள் செங்கொடி. போலீஸ் வேனுக்கு முன்னால் குடத்தோடு உட்கார்ந்தவள், முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள்.

"எனக்குந்தான்" என்றார் அப்பாவு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் அறையைப் பார்த்து மேலே ஏறினார்.